உபநந்தர் பூட்டச் சொன்ன வண்டி

திருட்டும் வழிப்பறியும் நடந்த தெருவை விட்டு, பிள்ளை குட்டிகளோடு நல்ல இடம் தேடிக் குடிபோவது தர்மத்துக்கு விரோதமானதல்ல. ஸ்ரீமத் பாகவதமே அதற்குப் பிரமாணம். தசம ஸ்கந்தம், 11-ஆம் அத்தியாயம். இரட்டை மருதமரம் சாய்ந்தாயிற்று. நளகூபரனும் மணிக்ரீவனும் சாபம் நீங்கிப் போயாயிற்று. உரலோடு கட்டுண்டு கிடந்த குழந்தைக் கண்ணனை நந்தகோபர் சிரித்துக்கொண்டே அவிழ்த்து விட்டார். அதன் பிறகுதான் கோகுலத்துப் பெரியவர்கள் ஒன்றுகூடி, இனி என்ன செய்வது என்று யோசிக்கிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் பேசுகிறவர் உபநந்தர். வயதிலும் அறிவிலும் மூத்தவர். எந்தக் காலத்தில் எந்த இடத்தில் எது தகும் என்று அறிந்தவர். அவர் சுற்றி வளைக்கவில்லை. கோகுலத்துக்கு நல்லது நினைப்பவர்கள் இங்கிருந்து எழுந்திருக்க வேண்டும் என்று ஆரம்பிக்கிறார். பிறகு நடந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். ராட்சசி வந்தாள், அவள் கையிலிருந்து குழந்தை எப்படியோ தப்பினான். சகடம் புரண்டது, ஹரியின் அருளால் அது மேலே விழவில்லை. சுழற்காற்றாய் வந்தவன் வானத்துக்குத் தூக்கிப் போய்ப் பாறையில் விழுந்தான், தேவர்கள் காத்தார்கள். இப்போது மரம் விழுந்தது, அச்சுதன் காத்தான். இன்னொரு உத்பாதம் வருமுன் குழந்தைகளை அழைத்துக்கொண்டு வேறிடம் போவோம் என்கிறார்.

இந்தப் பேச்சை அவசரமாகக் கடந்து போகக் கூடாது. ஹரி காத்தான் என்று சொன்ன அதே வாயால்தான் வண்டியைப் பூட்டுங்கள் என்றும் சொல்கிறார் உபநந்தர். காத்தவன் இருக்கிறானே, பிறகு ஏன் கிளம்ப வேண்டும் என்று அந்தச் சபையில் ஒருவரும் கேட்கவில்லை. எல்லாரும் ஒரே மனதாக 'நன்று, நன்று' என்றார்கள். பீரோ உடைபட்ட வீட்டில், பின்கதவுத் தாழ்ப்பாளைக்கூட மாற்றாமல், பெருமாள் பார்த்துக்கொள்வார் என்று இருப்பவர்கள் உண்டு. அதைச் சரணாகதி என்று சொல்லிக்கொள்வது தகாது; அது சோம்பல். பெருமாள் உபநந்தரின் வாய் வழியாகவும் பார்த்துக்கொள்கிறார். ஹரிவம்சம் இதே குடிபெயர்ச்சிக்கு வேறு காரணம் காட்டும்: புல்லும் மரமும் குறைந்துபோன காடு, கூட்டம் கூட்டமாக வந்த ஓநாய்கள். காரணம் எதுவானாலும் வண்டி பூட்டியது பூட்டியதுதான்.

கிளம்பாமல் இருந்தவர் கதையும் உண்டு. மகாபாரதம் ஆதிபர்வத்தில், ஏகசக்ரபுரத்தில், பாண்டவர்கள் தங்கியிருந்த வீட்டு அந்தணர் கதை அது. ஊருக்கு வெளியே பகன் என்ற ராட்சசன். முறை வைத்து ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமைகள், அவற்றை ஓட்டிப் போகும் ஆள். மூன்றும் அவனுக்கே இரை. அந்தணர் வீட்டு முறை வந்தது. அழுதுகொண்டே மனைவியிடம் அவர் சொல்வதைக் குந்தி கேட்கிறாள். க்ஷேமமான இடத்துக்குப் போகலாம் என்று முன்பே எத்தனையோ தடவை கூப்பிட்டேன், நீதான் கேட்கவில்லை. பிறந்து வளர்ந்த இடம், அப்பா இருக்கும் இடம் என்றாய். அந்தத் தகப்பனார் போய்ச் சேர்ந்துவிட்டார், பந்துக்களும் போய்விட்டார்கள், இன்னமும் இந்த ஊரிலேயே இருக்கிறோமே என்கிறார். எத்தனை வீடுகளில் இன்றைக்கும் நடக்கிற பேச்சு இது! சொந்த வீடு, தாத்தா வைத்த தென்னை, பழகிய கோயில், பக்கத்திலேயே பள்ளிக்கூடம். ஒவ்வொன்றும் நியாயமான பற்றுதான். ஆனால் பெண் டியூஷன் முடிந்து வரும் வழியில் அவள் சங்கிலியை எவனோ அறுத்துக்கொண்டு போன பிறகும் அந்தப் பற்றே பேசினால், அங்கே உபநந்தரைப் போல ஒருவர் எழுந்து நின்றாக வேண்டும்.

அதே அந்தணர் இன்னொன்றும் சொல்கிறார். முதலில் நல்ல அரசன் அமைய வேண்டும், அதன் பிறகே மனைவி, அதன் பிறகே பொருள். அந்த நாட்டு அரசனுக்குக் குடிகளைக் காக்கும் வழி தெரியவில்லை என்பது அவருடைய குறை. இந்த வரிசை பின்னால் வரப்போகிறது.

முனிவர்களும் குடிமாறியிருக்கிறார்கள். சித்ரகூடத்தில் ராமன் இருக்கும்போதே தபஸ்விகள் முகம் வாடி, தங்களுக்குள் கிசுகிசுத்தார்கள். தன்னால் ஏதும் அபசாரமோ என்று ராமன் பதறிக் கேட்டான். மூத்த முனிவர் விஷயத்தைச் சொன்னார். கரன் என்ற ராட்சசனுடைய ஆட்கள் இருட்டில் ஆசிரமங்களுக்குள் நுழைகிறார்கள், யாகக் கரண்டிகளை வீசி எறிகிறார்கள், அக்கினியில் தண்ணீர் கொட்டுகிறார்கள், குடங்களை உடைக்கிறார்கள். கோதண்டம் பக்கத்தில் இருக்கிறது. ஆனாலும் முனிவர்கள் காயும் கிழங்கும் கிடைக்கிற வேறொரு ஆசிரமத்துக்குப் போனார்கள். ராமன் அவர்களைத் தடுக்கவில்லை, சிறிது தூரம் கூடவே போய் வழியனுப்பினான். பிறகு அவனும் அந்த இடத்தை விட்டான். பரதனும் தாய்மாரும் வந்து அழுத இடம், நினைவு விடவில்லை. இதைத் திருட்டுப் போன வீட்டுக்காரர்கள் நன்றாக அறிவார்கள். நகை போன துக்கம் ஒரு பங்கு என்றால், யாரோ முன்பின் தெரியாதவன் புடவை அடுக்கைக் கலைத்தான் என்ற எண்ணம் அதைவிடப் பெரிது. அந்த அறையில் படுத்தால் தூக்கம் வராது. அதைப் பயந்தாங்கொள்ளித்தனம் என்று வீட்டுப் பெரியவர்கள் பரிகசிக்கக் கூடாது. ராமனுக்கே அப்படி இருந்தது.

அர்ச்சாவதாரமும் இதற்கு விலக்கல்ல. 1323-இல் உலூக்கானின் படை வந்தபோது நம்பெருமாள் பிள்ளை லோகாசாரியரோடு அரங்கம் விட்டுப் புறப்பட்டு, ஊர் ஊராக எழுந்தருளி, 1371-இல்தான் திரும்பினார். தில்லைக் கூத்தர் 1648 முதல் 1686 வரை தில்லையில் இல்லை. காஞ்சி வரதர் உடையார்பாளையம் போய் இருந்தார். இடம் மாறியதால் எந்த மூர்த்திக்கும் சாந்நித்தியம் குறையவில்லை. வாடகை வீடு மாறுகிற குடும்பத்துக்குக் கௌரவம் மட்டும் எப்படிக் குறையும்?

கிளம்புவது முடிவான பின், நடந்தது எப்படி நடந்தது என்று பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் புது வீட்டிலும் அதுவே நடக்கும். உபநந்தர் சொன்ன அந்த ராட்சசி, பூதனை, வந்த நாளில் நந்தகோபர் ஊரில் இல்லை. கம்சனுக்கு வருஷ வரி கட்ட மதுரா போயிருந்தார். அங்கே அதிக நாள் தங்காதீர், கோகுலத்தில் உத்பாதங்கள் தெரிகின்றன என்று வசுதேவர்தான் துரத்தி அனுப்பினார். இங்கே பூதனை கொண்டையில் மல்லிகையும் கையில் தாமரையுமாக வருகிறாள். லக்ஷ்மியே வந்தாளோ என்று கோபிகைகள் விலகி வழிவிட்டார்கள். யசோதையும் ரோகிணியும் பக்கத்திலேயே நின்றார்கள், அந்தத் தேஜஸைப் பார்த்து மலைத்து நின்றார்கள், தடுக்கவில்லை. குழந்தையை மடியில் எடுத்துக்கொண்டாள். பகல் 11 மணிக்கு, ஆண்கள் வேலைக்குப் போன நேரத்தில், நல்ல சட்டை போட்டுக்கொண்டு நகைக்குப் பாலிஷ் போட வருகிறவனும் இப்படித்தான் உள்ளே வருகிறான். மெய்ப்பொருள் நாயனாரிடம் முத்தநாதன் வந்ததும் திருநீறு பூசிய வேஷத்தில்தான். நாயனார் உயிரைக் கொடுத்தும் அந்த வேஷத்தை மதித்தார், அவர் நிலை அது. அந்த நிலைக்கு எட்டாத குடும்பஸ்தர் கதவுச் சங்கிலியைப் போட்டுக்கொண்டே யார் என்று கேட்கலாம், நாயனார் கோபிக்க மாட்டார்.

இனி எந்த இடம் என்ற கேள்வி. உபநந்தர் வெறுமனே எங்கேயாவது போவோம் என்று சொல்லவில்லை. பிருந்தாவனம் என்று பெயர் சொன்னார். பசுக்களுக்குப் புல், புதிய சோலைகள், புண்ணியமான மலை, கோபர்க்கும் கோபிகைகளுக்கும் பசுக்களுக்கும் ஏற்ற இடம் என்று காரணமும் சொன்னார். பயத்தில் ஓடுகிறவனுக்கு விட்டு வந்த இடம் மட்டுமே தெரியும். போகும் இடம் அவருக்குத் தெரிந்திருந்தது. வள்ளுவரும் இடனறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். சாணக்ய நீதி இதை ஐந்தாகப் பிரித்துக் கொடுக்கிறது: பொருளுள்ளவர், வேதம் கற்றவர், அரசன், ஆறு, வைத்தியர். இந்த ஐந்தும் இல்லாத ஊரில் ஒரு நாள்கூடத் தங்காதே என்பது அதன் கட்டளை.

இந்த ஐந்தைச் சென்னைப் புறநகரில் வைத்துப் பார்த்தால் போதும். பொருள் என்பது பிழைப்பு. வேலைக்குப் போய் வர ரயிலோ பஸ்ஸோ இல்லாத இடத்தில், இரவு 9 மணிக்கு இறங்கி இருட்டில் நடக்கிற பெண்ணுக்குப் பாதுகாப்பு எங்கே? கற்றவர் என்றால் பள்ளிக்கூடமும் கோயிலும். கோயில் பக்கத்தில் என்பதற்காக மட்டும் வீடு பிடிப்பவர்கள் மற்ற நான்கையும் கேட்பதில்லை, அது தவறு. வைத்தியருக்கு விளக்கம் வேண்டாம். ஆறு வேண்டும், ஆனால் ஆற்றுக்குள் வீடு வேண்டாம். 2015 டிசம்பரில் அடையாறு கரை மீறியபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்களுக்கு இது தெரியும். திருடனுக்குப் பயந்து வெள்ளத்தில் போய் விழுவதில் க்ஷேமம் இல்லை.

அரசன் என்பது காவல். ஏகசக்ரபுரத்து அந்தணர் முதலில் வைத்தாரே, அந்த அரசன். 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனிக் காவல் ஆணையரகம் வந்திருக்கிறது. ஆணையரகம் இருக்கிறது என்பது மட்டும் போதாது. பார்க்கிற தெரு எந்தக் காவல் நிலைய எல்லை, அது எவ்வளவு தூரம், ரோந்து வருகிறதா என்று நேரில் போய்க் கேட்க வேண்டும். கேட்க வெட்கப்படுகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போது வெட்கப்படுவதில்லை.

புரோக்கர் எப்போதும் காலை 10 மணிக்கு வீட்டைக் காட்டுவார். வெயிலில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். அதே தெருவை இரவு 8 மணிக்கு ஒரு முறை நடந்து பார்க்க வேண்டும். ஸ்டாப்பிங்கிலிருந்து வாசல் வரை எத்தனை விளக்கு எரிகிறது, நடுவில் முள் மண்டிய காலி மனை எத்தனை, பாதி கட்டி நிற்கும் வீடு எது. புது லேஅவுட்டில் கடைசி வீடு, இரண்டு பக்கமும் காலி மனை என்றால் வாடகை குறைவாகத்தான் இருக்கும். தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர், பூக்காரம்மா, பால் போடுகிறவர் இருந்தால் அவர்களிடம் பேச வேண்டும். அந்தத் தெருவில் என்ன நடக்கிறது என்பதை அவர்கள்தான் அறிவார்கள்; கேமராவுக்கும் முன்னால் அவர்கள் கண்ணில்தான் படும்.

இங்கே ஒரு பெரிய தவறு நுழைகிறது. குடியிருப்பவர்களின் சாதியையும் வருமானத்தையும் கேட்டு நல்ல தெரு, கெட்ட தெரு என்று தீர்ப்புச் சொல்வது. சிருங்கிபேரபுரத்தில் சக்கரவர்த்தித் திருமகன் புல்லில் படுத்த ராத்திரி, வில்லை ஏந்தித் தூங்காமல் காவல் நின்றவன் குகன். லக்ஷ்மணனும் நின்றான், குகனும் நின்றான். ராமன் பத்திரமாக உறங்கியது வேடர் தலைவனின் எல்லையில். காவல் நிற்கிறவன் யார் என்பதைக் கேட்காமல், அவன் குலத்தைக் கேட்பவர்கள் ராமாயணம் படித்தும் பயனில்லை.

போகிற விதத்தையும் பாகவதம் சொல்கிறது. முதியவர்கள், குழந்தைகள், பெண்கள், சாமான்கள் வண்டியில். பசுக்கள் முன்னால். கோபர்கள் வில்லேந்தி, கவனமாக. கொம்பு ஊதிக்கொண்டு, புரோகிதர்களும் கூட வந்தார்கள். யசோதையும் ரோகிணியும் ஒரே வண்டியில், பலராமனையும் கிருஷ்ணனையும் மடியில் வைத்துக்கொண்டு, அவர்கள் கதையைக் கேட்டபடியே போனார்கள். பயணம் முழுக்கப் பாட்டு. ஒருவரையும் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். நடக்க முடியாத பாட்டியைப் பழைய வீட்டில் தனியே விட்டு, பூட்டு மட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்துவிட்டுப் புறநகருக்குப் போகிறவர்கள் இந்த ஸ்லோகத்தை இன்னொரு முறை வாசிக்க வேண்டும்.

பிருந்தாவனம் சேர்ந்ததும் செய்த முதல் காரியம், வண்டிகளை அரைச் சந்திர வடிவில் வளைத்து நிறுத்தியது. அப்படி நிறுத்தினால் ஒருவர் வாசல் இன்னொருவர் வாசலைப் பார்க்கும். குடிபோன முதல் வாரத்தில் பால் காய்ச்சியதோடு நிறுத்தாமல், இரண்டு பக்கத்து வீட்டிலும் எதிர் வீட்டிலும் போய்ப் பேசி, போன் நம்பர் வாங்கி, நலச்சங்கத்தில் சேர்வது இந்த வளைவுதான். நல்ல கேட், நல்ல பூட்டு, நல்ல கேமரா எல்லாம் வைத்துக்கொண்டு, எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமல் இருப்பவருடைய வண்டி தனியாக நிற்கிறது. வெளியூர் போகும்போது பூட்டிய வீட்டைப் பற்றிக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம், ரோந்து போகிறவர்கள் பார்ப்பார்கள். 112 என்ற எண் வீட்டுப் பெரியவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

பிருந்தாவனத்திலும் வத்ஸாசுரன் வந்தான். கன்றுக் கூட்டத்தில் கன்றாகவே கலந்து வந்தான். வேறொரு பகன் கொக்காக வந்தான், அகன் மலைப்பாம்பாக வாய் பிளந்தான். அதற்காக உபநந்தர் சொன்னது தப்பு என்று பாகவதம் எங்கும் சொல்லவில்லை. ஆபத்தே இல்லாத ஊர் இருக்கிறது என்று அவரும் சொல்லவில்லை. புல்லும் மலையும் இருக்கிறது என்றார், அது இருந்தது. புறநகரில் ஒரு சைக்கிள் காணாமல் போனவுடன், இங்கேயும் இப்படியா என்று அடுத்த ஊர் தேட ஆரம்பிப்பவருக்கு எந்த ஊரும் ஊராகாது.

கிளம்ப முடியாதவர்களும் உண்டு. வீட்டுக் கடன், பிழைப்பு, படுக்கையில் இருக்கும் பெற்றோர். ஏகசக்ரபுரத்தார் ஊரை விட்டுப் போகவில்லை. அவர்களுக்காகப் பீமன் சோற்று வண்டியில் ஏறிப் போனான். பகனை முடித்து, உடலை ஊர் வாசலில் போட்டு, அவன் உறவினரிடம் இனி மனிதரைத் தொடமாட்டோம் என்று வாக்கும் வாங்கினான். குடிபோகிறவர்கள் விட்டுப் போகிற தெருவுக்குச் செய்ய வேண்டிய கடன் ஒன்று இருக்கிறது என்பதால் இந்தக் கதை இங்கே வருகிறது. திருட்டுக்குப் புகாரே கொடுக்காமல், நமக்கேன் வம்பு என்று வீடு மாறினால், அந்தத் திருடன் அடுத்த வீட்டுக்குப் போகிறான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பறித்துச் செல்வது 304-ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே இருக்கிறது. முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம், கேட்டு வாங்க வேண்டும். வீடு மாறினாலும் வழக்கு பழைய காவல் நிலையத்தில்தான் இருக்கும். புது விலாசத்தையும் போன் நம்பரையும் அங்கே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால்தான் அடையாளம் காட்டவும், சாட்சி சொல்லவும், மீட்ட நகையைக் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கவும் தகவல் வந்து சேரும்.