மூத்தவர் யார்?

ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் என்பார்கள். அங்கே மச்சாவதாரப் பெருமாளாகிய வேதநாராயணர் மேற்குப் பார்த்து நிற்கிறார். மார்ச் கடைசியை ஒட்டி மூன்று நாட்கள், மாலை ஆறு மணி வாக்கில், வெயில் கோபுர வாசல் வழியே நேராகக் கருவறைக்குள் வருகிறது. முதல் நாள் பாதம், மறுநாள் திருமேனியின் நடு, மூன்றாம் நாள் சிரசு. அப்போது பங்குனி மாதம், சூரியன் இருப்பது மீன ராசியில். மீனாய் வந்தவரைப் பார்க்க மீனத்திலிருந்து வருகிறான்! இது தற்செயல் என்றோ, கட்டியவர்களின் கணக்கு என்றோ யாரும் சொல்லலாம். எனக்குக் கணக்கு என்றே தோன்றுகிறது.

பூஜை முடிந்ததும் கூட்டம் பஸ்ஸைப் பிடிக்கப் பறக்கும். நீங்கள் நன்றாக இருட்டும்வரை இருங்கள். மேற்கே, தலையை நன்றாக அண்ணாந்தால் சிவப்பாய் ரோகிணி தெரியும். கையை நீட்டி, கட்டைவிரல் அகலத்துக்கு அதற்கு வடக்கே தள்ளிப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கேதான் எச்.எல். டாரி என்ற விண்மீன் இருக்கிறது. வயது 10 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் இராது. 460 கோடி ஆண்டு கண்ட நம் சூரியனோடு வைத்துப் பார்த்தால் தொட்டில் குழந்தை.

அதைச் சுற்றி வாயுவும் தூசியுமாய் ஒரு தட்டு சுழல்கிறது. விண்மீனாகத் திரண்ட மேகத்தில் உள்ளே விழாமல் சுற்றி நின்ற மிச்சம் அது. கட்டிலுக்கடியில் தூசி ஒன்றோடொன்று ஒட்டி உருண்டையாவதுபோல், அதில் துகள்கள் ஒட்டி, கல்லாகி, கோளாகின்றன. தூசி மறைப்பதால் சாதாரணத் தொலைநோக்கிக்கு உள்ளே நடப்பது தெரியாது. சிலி நாட்டில் 5,000 மீட்டர் உயரப் பாலைவனத்தில் நிற்கும் ஆல்மா ரேடியோ தொலைநோக்கி 2014இல் அந்தத் தட்டைப் படம்பிடித்தது. அதில் பதிந்த அலைகள் அங்கிருந்து கிளம்பியது சுமார் 450 ஆண்டுகளுக்கு முன்பு. ஏறக்குறைய விஜயநகரம் தலைக்கோட்டையில் தோற்ற காலம்.

படத்தைப் பார்த்தவர்கள் திகைத்தார்கள். தட்டு மொழுமொழுவென்று இல்லை. வெளிச்ச வளையம், இருட்டு வளையம் என்று வரிவரியாய்ப் பிரிந்திருந்தது. வளர்ந்துவரும் கோள்கள் தம் பாதையைத் துப்புரவாக்கியதால் விழுந்த இடைவெளிகள் அவை என்பதே பலரின் கருத்து. வேறு விளக்கங்களும் உண்டு. ஆனால் கோள் என்றால், இவ்வளவு சின்ன வயதிலேயா?

கோள்கள் அவசரப்பட்டே ஆக வேண்டும். தட்டிலுள்ள வாயு 30 லட்சம் முதல் 1 கோடி ஆண்டுக்குள் கலைந்துவிடும். வாயுவை அள்ளிப் பெருக்க வேண்டிய பெரிய கோள், அதற்குள் வேலையை முடித்தாக வேண்டும். நம் வீட்டுக் கதையும் இதுதான். விண்கற்களை ஆராய்ந்தவர்கள் 2017இல் சொன்னது: சூரியக் குடும்பத்தின் முதல் திடப்பொருள் உருவாகி 10 லட்சம் ஆண்டுக்குள்ளேயே வியாழனின் கரு பூமியைப்போல 20 மடங்கு எடைக்கு வளர்ந்துவிட்டது. அப்போது சூரியன்? சுருங்கும் சூட்டில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. ஹைட்ரஜனை எரித்துச் சீராய் ஒளிவிடும் நிலைக்கு அது வந்துசேர 4, 5 கோடி ஆண்டுகள் ஆயின.

நவக்கிரக சன்னதியில் சூரியனை நடுவில் வைத்து மற்றவர்களைச் சுற்றி நிறுத்துகிறோம். முதலில் அப்பா, பிறகு பிள்ளைகள் என்றுதான் நம் மனதிலும் படிந்திருக்கிறது. குரு பகவானைக் கேட்டால் அந்த வரிசையை ஒப்புக்கொள்ள மாட்டார். சூரியன் முழுசாய்ச் சூரியன் ஆவதற்கு முன்பே அவர் ஆளாகிவிட்டார். வாயு கலைந்தபிறகு மிஞ்சிய பாறைகள் மோதி மோதிச் சேர்ந்த பூமிதான் இதில் கடைக்குட்டி.

எச்.எல். டாரி போன்ற இளம் விண்மீன்களை ஆராய்கிறவர்கள் நாகலாபுரம் இருக்கும் அதே மாவட்டத்தில், ஏர்ப்பேடு அருகே திருப்பதி ஐசர் என்ற அறிவியல் ஆய்வு நிறுவன வளாகத்திலும் இருக்கிறார்கள்.