ஆட்டக் களமும் ஆட்சிக் களமும்

ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் நாள்தோறும் பயணம் செய்வோர் பேசிக்கொள்ளும் பொருள்கள் பல. ஆயின் குரல் உயர்வது இரண்டே பொருள்களில்தான். ஒன்று அரசியல், மற்றொன்று கிரிக்கெட். பிள்ளையின் படிப்பைப் பற்றியும் அரிசி விலையைப் பற்றியும் அடங்கிய குரலில் பேசிக்கொண்டிருப்பவர்கூட, ஒரு கட்சித் தலைவரின் பெயரோ ஓர் ஆட்டக்காரரின் பெயரோ காதில் விழுந்ததும் நிமிர்ந்து உட்காருகிறார். அம்பத்தூரில் தொடங்கும் வாதம் வில்லிவாக்கத்தில் சூடேறி, பேசின் பாலத்தை நெருங்குகையில் இருவரும் முகத்தைத் திருப்பிக்கொள்வதில் முடிவதும் உண்டு. கட்சி வேறாகிவிட்டதால் தங்கை மகளின் திருமணத்துக்குப் போகாத தாய்மாமன்களை நம் பங்குகளிலும் காணலாம்.

இத்தகையோருக்கு நாம் வழக்கமாகக் கூறும் அறிவுரை, எதற்கும் ஓர் அளவு வேண்டும் என்பதே. நல்ல அறிவுரைதான். ஆயின் எந்தப் படியைக் கொண்டு அந்த அளவை அளப்பது? நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் செய்தி கேட்கலாம், ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் பார்க்கலாம் என்று கணக்கிட்டுவிட்டால் நோய் தீர்ந்துவிடுமா? ஈடுபாடு மிகுந்துபோனதால் வரும் கேடா இது, அல்லது ஈடுபாடு தனக்குரிய இடத்தை விட்டு வேறோர் இடத்தில் போய் நிற்பதால் வரும் கேடா? இதை எண்ணிப் பார்க்க நமக்கு அருகிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு.

1999-ஆம் ஆண்டு ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. சேப்பாக்கம் எம்.ஏ. சிதம்பரம் அரங்கில் இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடையே நடந்த டெஸ்ட் ஆட்டத்தின் நான்காம் நாள். காலைத் திருப்பலி முடிந்ததும் சென்ட்ரலுக்கு ரயிலேறி, பார்க் டவுனில் பறக்கும் ரயிலுக்கு மாறிச் சென்றோரும் அக்கூட்டத்தில் இருந்திருப்பர். தொடரின் முதல் ஆட்டம் தில்லியில் நடப்பதாகத்தான் முதலில் திட்டம். பாகிஸ்தான் அணி இந்திய மண்ணில் ஆடக்கூடாது என்று சிவசேனைக் கட்சியினர் அங்கிருந்த ஆடுகளத்தைத் தோண்டிப் போட்டதால் அது சென்னைக்கு மாற்றப்பட்டது. எனவே மட்டையும் பந்தும் களமிறங்குமுன்பே அரசியல் களமிறங்கிவிட்ட ஆட்டம் அது.

இந்தியாவின் இலக்கு 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கெட்டுகள் போய்விட்டன. சச்சின் டெண்டுல்கரும் விக்கெட் காப்பாளர் நயன் மோங்கியாவும் சேர்ந்து அணியைத் தூக்கி நிறுத்தினர். டெண்டுல்கருக்கு முதுகுவலி, ஒவ்வோர் அடிக்குப் பின்னும் அவர் முகம் சுளிப்பதை அரங்கமே கண்டது. வெற்றிக்கு 17 ஓட்டங்களே எஞ்சியிருந்தபோது, 136 ஓட்டங்கள் எடுத்திருந்த அவர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தைத் தூக்கியடித்து வாசிம் அக்ரமிடம் பிடிகொடுத்தார். மீதமிருந்த மூன்று விக்கெட்டுகளும் நான்கே ஓட்டங்களுக்குள் சரிந்தன. 258 ஓட்டங்களில் இந்திய அணி ஆட்டமிழந்தது. பன்னிரண்டு ஓட்டங்களில் தோல்வி.

அரங்கம் உறைந்துபோயிற்று. பிறகு ஒரு மூலையில் கைதட்டல் எழுந்தது. அது பரவிற்று. மக்கள் எழுந்து நின்றனர். அக்ரம் தம் அணியினரை அழைத்துக்கொண்டு மைதானத்தை வலம்வந்தார். அவர்கள் கடந்து சென்ற பகுதியெல்லாம் எழுந்து நின்று கைதட்டிற்று. பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் பின்னாளில் இதை நன்றியோடு பலமுறை நினைவுகூர்ந்திருக்கின்றனர். அதே ஆண்டின் கோடையில் கார்கிலில் போர் மூண்டது. சேப்பாக்கத்துக் கைதட்டல் அப்போரைத் தடுக்கவில்லை. தடுக்கும் என்று கைதட்டியவர் எவரும் எண்ணியிருக்கவும் மாட்டார்.

அன்று எழுந்து நின்றவர்களைப் பற்றி, 'விளையாட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத பக்குவம் உடையோர்' என்று சிலர் புகழ்வர். எனக்கு அதில் உடன்பாடில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதவன் கடைசி விக்கெட் விழுந்ததுமே நெரிசலுக்கு முன் வெளியேறிப் பேருந்தைப் பிடித்திருப்பான். எழுந்து நின்றோர் நான்கு நாள் வெயிலில் கான்கிரீட் படிகளில் அமர்ந்து பந்துக்குப் பந்து கண்டவர்கள். டெண்டுல்கர் வெளியேறியபோது தலையில் கைவைத்துக்கொண்டவர்கள். சக்லைன் இரு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட்டுகள் வீழ்த்தியது எத்தகைய திறன் என்பது அறிந்தவர்கள். அவர்களுடைய ஆர்வம் குறைவானதன்று, ஆழமானது. தம் அணி வெல்ல வேண்டும் என்ற ஆசைக்கு அடியில், ஆட்டம் நன்றாக ஆடப்பட வேண்டும் என்ற வேறொரு விருப்பம் வேரூன்றியிருந்தது. மேலே இருந்த ஆசை முறிந்தபோது அடியில் இருந்தது அவர்களைத் தாங்கிக்கொண்டது. அக்கறையற்றவனுக்கு இது வாய்க்காது. அவனுக்குத் தோல்வியும் இல்லை, எழுந்து நிற்க வேண்டிய தேவையும் இல்லை.

மூன்று வாரங்களுக்குள் கல்கத்தாவில் இதே இரு அணிகள் மோதியபோது, டெண்டுல்கர் ரன் அவுட் ஆன விதம் கண்டு சினந்த கூட்டம் ஆட்டத்தைக் குலைத்தது. கடைசி நாளில் காவல்துறை பார்வையாளரை வெளியேற்ற, வெற்று இருக்கைகளுக்கு நடுவே ஆட்டம் முடிந்தது. கல்கத்தா மக்கள் தாழ்ந்தவர்கள், நாம் உயர்ந்தவர்கள் என்று மார்தட்டிக்கொள்ள நமக்கு இடமில்லை. சேப்பாக்கம் நிகழ்ந்து ஓராண்டும் இரண்டு நாள்களும் கழிந்தபோது நம் மாநிலத்தில் நடந்தது என்ன?

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2 அன்று, கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்ட செய்தி வந்தது. தருமபுரி அருகே அவரது கட்சியைச் சார்ந்த சிலர், கல்விச் சுற்றுலா சென்று திரும்பிய வேளாண் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்துக்குத் தீ வைத்தனர். மூன்று மாணவியர் வெந்து மாண்டனர். வைத்தவர்களுக்கு அம்மாணவியர் மீது பகை எதுவும் இல்லை. அவர்கள் எக்கட்சியினர் என்றுகூடத் தெரியாது. பின்னாளில் மேல்முறையீட்டில் அவ்வழக்கிலிருந்து அத்தலைவர் விடுதலையும் பெற்றார். அந்த மூவர் திரும்பவில்லை.

இவ்விரு கூட்டங்களும் ஒரே மொழி பேசியவை. ஒரே செய்தித்தாள்களை வாசித்தவை. ஒரு கூட்டத்துக்கு எதிரே நின்றவர் முகம் தெரிந்தது. மற்றொன்றுக்குப் பேருந்தின் சன்னலில் தெரிந்த முகங்கள்கூடத் தெரியவில்லை. கூட்டத்தின் நடுவே மனிதனுக்குக் கண் மங்கிப்போவதைப் புனித அகுஸ்தீனார் தம் தன்வரலாற்றின் ஆறாம் நூலில் தம் நண்பர் அலிப்பியுஸைக் கொண்டு விளக்குகிறார். சட்டம் பயில உரோமை சென்ற அலிப்பியுஸ், வாள்வீரர்கள் மாளும் வரை போரிடும் காட்சியை வெறுத்தவர். தோழர்கள் வற்புறுத்தி அரங்குக்கு இழுத்துச் சென்றபோது, உடல் அங்கே இருப்பினும் பார்க்கமாட்டேன் என்று கண்களை இறுக மூடிக்கொண்டார். காதுகளை மூட மறந்துவிட்டார். ஒருவன் வீழ்ந்தபோது எழுந்த பேரிரைச்சல் அவர் கண்களைத் திறந்தது. அதன்பின் அவர் அதைத் தேடிப் போகலானார். பின்னாளில் தகாஸ்தே நகரின் ஆயராக விளங்கியவர்க்கே இக்கதி. கண்ணை மூடுவது போதாது என்பது மட்டும் தெரிகிறது. நம் வீடுகளில் இன்று அந்த இரைச்சல் சட்டைப்பையில் உள்ள கைபேசியிலேயே வருகிறது.

ஆகையால் விளையாட்டையும் அரசியலையும் விட்டு விலகிவிடுவதே மேல் என்று சொல்லும் பக்திமான்களும் உண்டு. அவர்களோடு புனித தோமா அக்குவினார் உடன்படமாட்டார். இடையறாது உழைக்கும் உடலுக்கு ஓய்வு தேவைப்படுவதுபோல் மனத்துக்கும் விளையாட்டு தேவை என்கிறார் அவர். எப்போதும் நாணேற்றியே வைத்திருக்கும் வில் முறிந்துபோகும் என்னும் பழங்கதையையும் நினைவூட்டுகிறார். அளவு மீறி விளையாடுவதைக் குறை சொல்லும் அதே இடத்தில், சிறிதும் விளையாடாது பிறரை முகம் வாடச் செய்பவனையும் குறை சொல்லத் தயங்கவில்லை. (நம் பங்குப் பேரவைக் கூட்டங்கள் சிலவற்றுக்கு அவர் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!)

விளையாட்டின் அருமை, அதில் தோற்றவன் உண்மையில் எதையும் இழப்பதில்லை என்பதில்தான் உள்ளது. எல்லைக்கோடு போட்டு, நேரம் குறித்து, நடுவரை நிறுத்தி, ஒரு பொய்ப்போரை நாமே ஏற்படுத்திக்கொள்கிறோம். மாலையில் அது கலைந்துவிடும். அரசியல் அப்படியன்று. அதில் எழுதப்படும் ஒவ்வொரு கையெழுத்தும் யாரோ ஒருவரின் குடத்துக்குத் தண்ணீராகவோ வெற்றுக் குடமாகவோ போய்ச் சேர்கிறது. அங்கே தோற்பவர் பெரும்பாலும் தேர்தலில் நிற்காதவரே. நமக்கு நேர்ந்துள்ள குழப்பம் இவ்விரண்டின் இடமாற்றம்தான். பொய்ப்போரை மெய்ப்போராக ஆடுகிறோம். மெய்யான அரசியலை ஆட்டமாகப் பார்க்கிறோம். நாளேட்டின் தலைப்புகளைப் பாருங்கள். ஆட்டத்தில் 'பழிக்குப் பழி'. கட்சியில் ஒருவர் விலகினால் 'விக்கெட் விழுந்தது'.

2018 ஏப்ரல் 10 அன்று இவ்விரு களங்களும் ஒரே மைதானத்தில் சந்தித்தன. காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கோரி மாநிலமெங்கும் போராட்டம் நடந்த வேளையில், சேப்பாக்கத்தில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கும் கொல்கத்தா அணிக்கும் ஐபிஎல் ஆட்டம். டெல்டாவில் வயல் காய்கையில் இங்கே கொண்டாட்டமா என்று கேட்டனர். அது நியாயமான கேள்வி. கேட்கப்பட வேண்டிய கேள்வி. ஆயின் அரங்குக்கு வெளியே ரசிகர்களை அடித்ததும், உள்ளே ஆட்டக்காரர் மீது செருப்பு வீசியதும் அக்கேள்வியை விழுங்கிவிட்டன. எஞ்சிய சென்னை ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. அதனால் கல்லணைக்கு ஒரு சொட்டு நீரும் கூடுதலாக வந்துவிடவில்லை. மறுநாள் பேச்சு செருப்பைப் பற்றியதாக இருந்ததேயன்றிக் காவிரியைப் பற்றியதாக இல்லை.

அரசியலை ஆட்டமாகப் பார்ப்பதன் விலையை நம் பகுதி மக்கள் வேறொரு வகையிலும் கொடுத்திருக்கின்றனர். 1955 ஜனவரியில் காங்கிரசுப் பேரியக்கம் தேபரின் தலைமையில் ஆவடியில் மாநாடு கூட்டி, இந்தியாவில் சோஷலிச பாணிச் சமுதாயம் அமைய வேண்டும் என்று தீர்மானித்தது. அத்தீர்மானத்தை ஏற்பவரும் மறுப்பவரும் இருக்கலாம். அந்நாளிலும் நேருவைப் பார்த்துவிட்டு வீடு திரும்பியோரே மிகுதியாக இருந்திருப்பர். ஆயினும் எத்தகைய சமுதாயம் வேண்டும் என்பது அங்கே விவாதப் பொருளாயிற்று. அதே ஆவடியிலும், 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்த அம்பத்தூரிலும், 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக, வார்டு உறுப்பினர் என்று ஒருவரும் இல்லை. உள்ளாட்சித் தேர்தல் நடக்கவில்லை. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அதிகாரியைத் தேடிப் போக வேண்டும். கேள்வி கேட்க மக்கள் தேர்ந்தெடுத்த வாய் இல்லை. அந்த ஆண்டுகளில் மின்சார ரயிலில் அரசியல் பேச்சு குறைந்ததா? இல்லை, முதல்வர் மறைந்ததும், கட்சி உடைந்ததும், நடிகர்கள் கட்சி தொடங்குவதாக அறிவித்ததும் அக்காலத்தில்தான். பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. நம் வார்டுக்கு ஏன் உறுப்பினர் இல்லை என்ற பேச்சுதான் அபூர்வம். ஐபிஎல் அவ்வாண்டுகளில் ஒருமுறையும் தவறவில்லை. பெருந்தொற்று ஆண்டான 2020-இல்கூட ஐக்கிய அரபு அமீரகத்துக்குச் சென்று நடந்தேறியது. ஒருவேளை தவறியிருந்தால் நாம் சும்மா இருந்திருப்போமா?

2022 பிப்ரவரியில் ஒருவழியாகத் தேர்தல் வந்தது. சென்னை மாநகராட்சியில் வாக்காளருள் பாதிப்பேர்கூட வாக்குச்சாவடிக்கு வரவில்லை.

அதே காலத்தில் நம் பகுதியிலேயே வேறு வகையான அரசியலும் நடந்தது. அம்பத்தூர்ப் பக்கத்துக் கழிவுநீர் கொரட்டூர் ஏரியில் கலப்பதை எதிர்த்து அப்பகுதி மக்கள் அமைப்பாகத் திரண்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். மனு எழுதுவது, நீரின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது, விசாரணை ஒத்திவைக்கப்பட்டதும் மீண்டும் போவது என்று ஆண்டுக்கணக்கில் செல்லும் வேலை அது. சலிப்பூட்டும் வேலைதான், கைதட்ட ஒருவரும் இல்லை, எண்ணிக்கைப் பலகையும் இல்லை. இந்த வேலைக்கு வருவோரிடம் எந்தக் கட்சி என்று கேட்க முடியாது. கேட்டால் ஆள் குறைந்துவிடும்.

2022 நவம்பர் முதல் தமிழக நகரங்களில் பகுதி சபைக் கூட்டங்களும் நடைபெறத் தொடங்கியுள்ளன. கிராம சபையைப் போல, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் உறுப்பினரை நேரில் கண்டு தண்ணீர், சாக்கடை, குப்பை பற்றிக் கேட்பதற்கான இடம் அது. அன்பியக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குவோர்க்கு இதற்கும் ஒரு மணி நேரம் கிடைக்காமல் போகாது. திருமணத்துக்குப் போகாத அந்தத் தாய்மாமனும் அவருடைய மைத்துனரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். மழைக்காலத்தில் இருவர் வீட்டு வாசலிலும் நிற்பது ஒரே கால்வாயின் தண்ணீர். கால்வாய் தூர்வாரக் கேட்கும் மனுவில் இருவர் கையெழுத்தும் வேண்டும். அந்தத் தாள் முதலில் எந்த வீட்டுக்குப் போவது என்பதில் மட்டும் சிறிது சிக்கல் இருக்கலாம்.