இரண்டு அங்குலம் குறைந்த தாம்பு

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானுடைய கல்யாண குணங்களுக்கு எல்லை இல்லை. ஆயினும் ஆழ்வார்களின் நெஞ்சைப் பெரிதும் கவர்ந்தது, பரமபதத்தில் நித்யஸூரிகள் ஸேவிக்க வீற்றிருக்கும் மேன்மையைக் காட்டிலும், திருவாய்ப்பாடியில் ஓர் ஆய்ச்சியின் கைக்கு அடங்கி நின்ற எளிமையே ஆகும். வெண்ணெய் களவுகண்டு உரலோடு கட்டுண்ட அந்தச் சரிதத்தை நினைத்த மாத்திரத்தில் நம்மாழ்வார் ஆறு மாத காலம் மோஹித்துக் கிடந்தார் என்று பெரியோர் கூறுவர். உலகங்களையெல்லாம் வயிற்றில் அடக்கியவன் ஓர் அடுப்பங்கரையில் கட்டுண்டு அழுதான் என்பது வேதாந்திகளுக்கு வியப்பு. சிறு பிள்ளைகளை வளர்க்கும் தாய்மார்களுக்கோ அது அன்றாடம் வீட்டில் காணும் காட்சி.

நெய்வேலி நகரியத்தை நினைத்தால் இது நன்கு விளங்கும். ஊரின் பெயரிலேயே நெய் இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. நாடு முழுவதும் குழந்தைகள் தினமாகக் கொண்டாடும் நாளும் அதுவே. 1957 மே மாதம் 20-ஆம் தேதி பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் மண்ணுக்கு அடியிலிருந்து பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. அதன் பொருட்டு நிலத்தையும் வீட்டையும் விட்டுப் பெயர்ந்த கிராமத்தார் ஒருபுறம். பல மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்து சேர்ந்த இளந்தம்பதிகள் மற்றொருபுறம். வட்டம் வட்டமாக அமைந்த குடியிருப்புகளில், பாட்டியும் அத்தையும் அருகில் இன்றித் தாய்மார் தனியே பிள்ளை வளர்க்கக் கற்றுக்கொண்டார்கள். நெய்வேலியில் செய்த லெக்கோ கரிக்கட்டிகள் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளின் அடுப்பில் பால் காய்ச்சின. அவ்வூர்த் தாயின் வீட்டிலும் பால் பொங்கியது; பிள்ளையும் அழுதது.

அத்தகைய ஓர் இல்லத்தைக் கருதிப் பார்க்கலாம். தகப்பனார் இரவு ஷிப்டு முடித்து வந்து காலையில் கண்ணயர்ந்திருக்கிறார். மடியில் ஆறு மாதக் குழந்தை. அருகில் மூன்று வயதுப் பிள்ளை. அடுப்பில் பால். "சத்தம் போடாதே, அப்பா தூங்குகிறார்" என்று தாய் பத்து முறை சொல்லியாயிற்று. பிள்ளையோ தம்ளரைத் தரையில் உருட்டி, அதன் ஓசையில் மகிழ்ந்து, மறுபடியும் உருட்டுகிறான். பால் பொங்கி வழிகிறது. மடியிற் குழந்தை வீறிடுகிறது. உள்ளே தகப்பனார் விழித்துக்கொண்டு அதட்டுகிறார். தாய் தன்னை மறந்து பிள்ளையை அடித்துவிடுகிறாள்.

அடியுண்ட பிள்ளை எங்கே ஓடினான்? அடித்த தாயின் முந்தானையையே பற்றிக்கொண்டு அழுதான். அவனுக்கு வேறு புகல் ஏது?

அன்று மாலை ஸந்நிதியில் பெண்கள் கூடிப் பூத்தொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். கோஷ்டியில் முதியவர் ஒருவர் காரணம் கேட்டார். "ஸ்வாமி, காலையில் பச்சைக் குழந்தையை அடித்த கை இது. இந்தக் கையால் பெருமாளுக்குப் பூத்தொடுக்கலாமா?" என்றாள் அவள்.

முதியவர் உடனே விடை கூறவில்லை. "யசோதைப் பிராட்டி கோல் எடுத்த கதையை முழுவதும் கேட்டிருக்கிறாயா, அம்மா?" என்று தொடங்கினார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் தசம ஸ்கந்தம் அக்கதையை விரித்துக் கூறுகிறது. யசோதை தயிர் கடைகிறாள். பிள்ளை வந்து மத்தைப் பிடித்துக்கொண்டு பால் வேண்டுகிறான். அவள் மடியில் இருத்திப் பாலூட்டுகையில் அடுப்பிற் பால் பொங்குகிறது. பாதியில் பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிறாள். பசியாறாத பிள்ளைக்குக் கோபம், தயிர்த்தாழி உடைகிறது. திரும்பி வந்தவள் பார்க்கையில், பிள்ளை உரலின்மேல் ஏறி நின்று குரங்குக்கு வெண்ணெய் வழங்கிக்கொண்டிருக்கிறான். கோலை எடுத்துக்கொண்டு அவள் துரத்துகிறாள். யோகிகளின் மனத்துக்கும் எட்டாதவனை ஒரு தாய் ஓடிப்போய்ப் பிடித்துவிட்டாள். அவன் கண்ணைக் கசக்கி அழ, மை கலைந்து முகமெல்லாம் பரவுகிறது. பிள்ளை அஞ்சுகிறான் என்று கண்டவுடன் அவள் கோலை எறிந்துவிட்டாள்.

"கதைக்கு உயிர்நிலை இதுவே, அம்மா. கோலை எடுக்கத் தூண்டியது களைப்பு. அது எல்லா வீட்டிலும் உண்டு. எறியச் செய்தது வாத்ஸல்யம். அடித்தது சரியென்று நான் சொல்லமாட்டேன். பிள்ளையின் கண்ணில் அச்சத்தைக் கண்டால் கோல் கையில் நிற்கக்கூடாது. உன் கை வருந்துகிறது என்றால் அது கோலை எறிந்துவிட்டது என்றே பொருள்" என்றார் முதியவர்.

வாத்ஸல்யம் என்னும் சொல்லுக்குப் பூர்வாசார்யர்கள் காட்டும் உதாரணம் பசுவும் கன்றும். அன்று ஈன்ற கன்றின் உடம்பில் உள்ள அழுக்கைப் பசு அருவருப்பதில்லை. தன் நாவினாலேயே நக்கிப் போக்குகிறது. குற்றத்தைக் கண்டும் விலகாமல் நெருங்குவதே வாத்ஸல்யம். எச்சில் சோற்றையும் நனைந்த துணியையும் நாள்தோறும் கையாளும் தாய்க்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பிள்ளையின் பக்கமும் ஒன்று உண்டு. பெற்ற தாய் சினந்து தள்ளினாலும் அவளையே நினைந்து அழும் குழந்தையைத்தான் குலசேகராழ்வார் திருவித்துவக்கோட்டு எம்பெருமான் திருவடிகளில் தம் நிலைக்கு முதல் உதாரணமாக விண்ணப்பித்தார். சரணாகதி சாஸ்த்ரத்தின் ஸாரத்தை அந்த மூன்று வயதுப் பிள்ளை காலையில் முந்தானையைப் பற்றிக் காட்டிவிட்டான். அத்தகையவனிடம் தாய் இரங்கிப் பேசி, "அம்மா அடித்தது தப்பு" என்று சொல்வதில் குறைவொன்றும் இல்லை.

நெய்வேலியில் சுரங்கம் வெட்டுவோர் அறிந்த செய்தி ஒன்று உண்டு. நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே பெரும் அழுத்தத்தோடு நீர் நிற்கிறது. அதனை இரவும் பகலும் இறைத்து அழுத்தத்தைக் குறைத்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்து நீர் மேலெழும். தனித்துப் பிள்ளை வளர்க்கும் தாயின் மனமும் அப்படிப்பட்டதே. அயலகத்தாள் ஒருத்தி அரைமணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டாலும் அந்த அழுத்தம் குறையும். திருவாய்ப்பாடியில் கண்ணனை ஊரே வளர்த்தது. அவன் குறும்பைச் சொல்லி முறையிட வந்த ஆய்ச்சியர்தாம் அவனை எடுத்துக் கொஞ்சியவர்களும். பெருமாளுக்குச் செய்யும் கைங்கர்யத்தில் அயல்வீட்டுக் குழந்தையை ஏந்திக்கொள்வதும் அடங்கும்.

கட்டிய கதை இன்னும் முடியவில்லை. யசோதை கொணர்ந்த தாம்பு இரண்டு அங்குலம் குறைந்தது. வேறொன்றை முடிந்தாள், அப்போதும் இரண்டு அங்குலம் குறைந்தது. வீட்டில் உள்ள கயிறெல்லாம் முடிந்தும் அந்தக் குறை தீரவில்லை. அவள் உடல் வேர்த்துக் கூந்தல் அவிழ்ந்து களைத்ததைக் கண்ட பின்னரே, இரங்கித் தானே கட்டுண்டான். ஓர் அங்குலம் தாயின் முயற்சி, மற்றோர் அங்குலம் அவன் கிருபை என்று பெரியோர் பொருளுரைப்பர். பிள்ளை வளர்ப்பில் எவ்வளவு செய்தாலும் இரண்டு அங்குலம் குறைவதாகவே தாய்க்குத் தோன்றும். ஒன்றை அவள் களைப்பு நிரப்புகிறது. மற்றொன்றை அவன் நிரப்புகிறான்.

அந்தச் சிறு தாம்பு பின்னர்ச் செய்த உபகாரம் பெரிது. மதுரகவியாழ்வார் தம் ஆசார்யரைப் போற்றும் பதினொரு பாசுரங்களை அந்தத் தாம்பைக் கொண்டே தொடங்கினார். 'கண்ணிநுண்சிறுத்தாம்பு' என்னும் அப்பிரபந்தத்தைப் பன்னீராயிரம் உரு ஜபித்தே நாதமுனிகள் நாலாயிரத்தையும் மீட்டார். அந்த நாதமுனிகள் அவதரித்த காட்டுமன்னார்கோயில், நெய்வேலிக்குத் தெற்கே அதே கடலூர் மாவட்டத்தில் உள்ளது. ஒரு தாயின் அடுப்பங்கரைக் கயிறு தமிழ் வேதத்தையே கட்டி இழுத்து வந்தது.

இவற்றையெல்லாம் தூணருகே நின்று அவள் கணவரும் கேட்டுக்கொண்டிருந்தார். முதியவர் அவரையும் அழைத்தார். "தேவகிப் பிராட்டியின் புலம்பலைக் குலசேகராழ்வார் ஒரு பதிகமாகவே பாடியிருக்கிறார், தம்பி. தாலாட்டும், மழலையும், சோற்றைத் துழாவும் சிறுகையும் தனக்குக் கிட்டவில்லையே என்று அவள் ஏங்குகிறாள். நந்தகோபர் பெற்ற பேற்றை வசுதேவர் பெறவில்லை என்பதும் அவளுக்குக் குறை. அவர்களைச் சிறை பிரித்தது. உம்மை ஷிப்டு பிரிக்கிறது. ஆனால் உம் பிள்ளை ஒரே கூரையின்கீழ் இருக்கிறான்."

கணவர் தலை குனிந்து நின்றார். மறுமொழி சொல்லவில்லை.

பெரியாழ்வார் ஆண்மகனாயிருந்தும் யசோதையின் நெஞ்சைத் தமதாக்கிக்கொண்டவர். தொட்டிலில் இட்டுத் தாலாட்டுவது, அம்புலியை அழைப்பது, தளர்நடை காண்பது, முதுகைக் கட்டிக்கொள்ளச் சொல்வது, அடம்பிடிக்கும் பிள்ளையை நீராட்டக் கூப்பிடுவது, காக்கையைக் காட்டிக் குழல் வாருவது, அந்திப்போதில் கண்ணேறு படாமல் காப்பிடுவது என ஒரு தாயின் நாளெல்லாம் அவர் திருமொழியில் அடங்கியிருக்கிறது. துளசி வனத்தில் கண்டெடுத்த ஆண்டாளைத் தாமே வளர்த்த தகப்பனாரும் அவர். பெருமாளுக்கான மாலையை மகள் சூடிக் களைந்தாள் என்று கண்டபோது அவர் கலங்கினார். அவள் சூடிய மாலையே தனக்கு உகப்பு என்று எம்பெருமான் உணர்த்தியபோது மகளின் பெருமையை அறிந்தார். பெற்றோர் குற்றமென்று எண்ணுவது எல்லாம் எம்பெருமான் திருவுள்ளத்தில் குற்றமாகாது.

அவள் நாரை எடுத்துப் பூத்தொடுக்க அமர்ந்தாள். பிள்ளை அருகில் வந்து ஒரு பூவைப் பிய்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து, இன்னொரு பூவை அதில் வைத்தாள். சற்று நேரத்தில் கணவர் அவனைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளிப்பிரகாரத்துக்குச் சென்று நிலவைக் காட்டினார். அன்று இரவும் அவருக்கு ஷிப்டு உண்டு. புறப்படச் சிறிது நேரம் இருந்தது.

உத்ஸவத்துக்குக் குழந்தைகளோடு வரும் அன்பர்கள், ஸந்நிதியில் பிள்ளை அழுதால் வெட்கமுற வேண்டுவதில்லை. திருவாய்ப்பாடியில் அழுது பழகிய பெருமான் அதனை நன்கு அறிவான். தாமோதரன் திருவருளால் எல்லா இல்லங்களிலும் குழந்தைகள் நோயின்றி வளர்க! அவர்களை வளர்ப்போர் களைப்பு நீங்குக!

மங்களம்.