கடனும் சைக்கிளும்

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடுவதற்கு யாரும் ஆசைப்பட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அது இருந்தது, ஓடினோம். ரியூசனுக்கும் சந்தைக்கும் கோயிலுக்கும் செத்தவீட்டுக்கும் அதுதான். 1990க்குப் பின் பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாமற் போன வருடங்களில் நோயாளரைக் கரியரில் இருத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சில்லைக் கையால் சுற்றி டைனமோவில் றேடியோ கேட்டார்கள். 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் பெயர்ந்தபோது ஒரு வீட்டின் மிச்சம் முழுவதும் ஒரு சைக்கிளில் தொங்கியது. எங்களுக்கு அது கால். காலை யாரும் காதலிப்பதில்லை.

ஆகவே வெம்பிளியில் பிறந்து வளர்ந்த என் மகள், மருத்துவம் படிக்கிற பிள்ளை, ஞாயிறு விடிய ஐந்து மணிக்கு எழும்பிப் போய், போகவேண்டிய இடம் எதுவுமே இல்லாமல் அறுபது மைல் ஓடிவிட்டு நனைந்து நடுங்கி வந்து சிரித்தபோது எனக்கு அது விளங்கவில்லை. கிழமை நாட்களிலும் அவள் அல்பேர்ட்டனில் கால்வாய்க் கரையில் இறங்கி, நோர்த் சேர்குலர் வீதிக்கு மேலாகத் தண்ணீர் போகிற பாலத்தைக் கடந்து, பாடிங்ரன் வரைக்கும் சைக்கிளில்தான் போவாள். 'பஸ்ஸில் போனால் அந்த நேரத்தில் ஒரு பாடம் வாசிக்கலாமே' என்பேன். பதில் வராது.

2012 கோடையில் அவள் இரண்டாம் வருடப் பரீட்சையில் ஒரு பாடத்தில் தவறினாள். ஓகஸ்டில் திரும்ப எழுதவேண்டும். நான் சைக்கிளைப் பின்வளவுக் கொட்டிலில் வைத்துப் பூட்டித் திறப்பை என்னிடம் வைத்துக்கொண்டேன். லண்டன் ஒலிம்பிக் நடந்த கோடை அது. யூலை 29, ஞாயிற்றுக்கிழமை, பெண்களின் வீதிச் சைக்கிளோட்டம். கொட்டும் மழையில் பொக்ஸ் ஹில் ஏறி இறங்கி வந்து, கடைசி ஓட்டத்தில் நெதர்லாந்தின் மரியான் வொஸ் தங்கம் எடுத்தார். இங்கிலாந்துப் பெண் லிசி ஆர்மிற்ஸ்ரெட்டுக்கு வெள்ளி. அந்த ஒலிம்பிக்கில் பிரித்தானியாவுக்குக் கிடைத்த முதற் பதக்கம். மகள் மேலே அறையில் புத்தகத்தோடு இருந்தாள். கீழே ரெலிவிஷனில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

அவள் சித்தியடைந்தாள். அதையும் சொல்லிவிட வேண்டும். பூட்டியது பிழை என்றால் அது பலனளிக்காதபடியால் பிழையல்ல. பலன் கிடைத்த ஒரு காரியம் நியாயமானதுதானா என்பதே என் கேள்வி.

மறுமொழி வந்த அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அவள் கேட்டாள்: "அப்பா, உங்களுக்கு நான் எவ்வளவு கடன்? ஒரு கணக்குச் சொல்லுங்கோ. கட்டி முடிச்ச பிறகாவது ஓடலாமோ எண்டு பாக்கிறன்."

என்னிடம் கணக்கு இருந்தது. 1971இல் மருத்துவபீட அனுமதிக்குச் சிங்கள மொழியில் எழுதியவருக்கு 229 புள்ளி போதும். தமிழில் எழுதியவருக்கு 250 வேண்டும். எனக்கு வந்த புள்ளி இந்த இரண்டுக்கும் நடுவில். பிறகு இங்கே பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை, பகலில் கடை. இருபத்தொரு புள்ளியால் பறிபோன ஒன்றை மகள் மீட்டுத் தருவாள் என்று நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் ஈடு வைத்த காணியைப் பார்ப்பதுபோல்தான் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் கேள்வியில்தான் தெரிந்தது. அநியாயம் எனக்கு நடந்தது. அதைச் செய்தது ஓர் அரசு. வசூலிக்கப்பட்டதோ அதன்பின் இருபது வருடம் கழித்துப் பிறந்த ஒரு பிள்ளையிடம்.

கடன் என்றால் வாங்குபவர் சம்மதித்திருக்க வேண்டும். பெற்றோர் படும் பாடு பிள்ளை கேட்டு வாங்கியதல்ல. என்னை லண்டனுக்கு அனுப்பக் காணி விற்ற அண்ணன் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. கொடுத்ததைச் சொல்லிக் காட்டாதவரை அது அன்பு. சொல்லிக் காட்டிய பிறகு அது வட்டிக்கு விட்ட பணம்.

ஆனால் இதோடு விஷயம் முடியவில்லை. மருத்துவம் படிப்பவருக்குப் பெற்றோரைவிடப் பெரிய கடன்காரர் ஒருவர் உண்டு. அவர் இன்னும் முகம் தெரியாத நோயாளி. அவர் உரிமை உண்மையானது. படிக்காமல் விட்ட பக்கம் ஒருநாள் ஒருவர் உயிரில் வந்து முடியலாம். 'என் சந்தோஷம் என் விருப்பம்' என்று அவரிடம் சொல்ல முடியாது. அப்படியானால் பூட்டியது நோயாளிக்காக என்று நான் தப்பித்துக்கொள்ளலாமா?

பாடிங்ரனில் உள்ள சென் மேரிஸ் மருத்துவமனையில் 1950களில் ஒரு மாணவர் இருந்தார். மத்தியான இடைவேளையில் அருகிலுள்ள மைதானத்துக்குப் போய் ஓடிவிட்டு வாட்டுக்குத் திரும்புவார். 1954 மே 6 காலையிலும் மருத்துவமனையில் வேலை செய்துவிட்டுத்தான் ஒக்ஸ்போர்ட்டுக்கு ரெயின் ஏறினார். அன்று பின்னேரம் ஒரு மைலை 3 நிமிடம் 59.4 செக்கனில் ஓடி முடித்தார், ரொஜர் பனிஸ்டர். நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடிய முதல் மனிதர். அவ்வருட இறுதிக்குள் போட்டி ஓட்டத்தை விட்டார்; நரம்பியல் மருத்துவராகப் பல பத்தாண்டுகள் உழைத்தார். ஓட்டத்தைவிட அந்த உழைப்பையே தாம் பெரிதாக எண்ணுவதாகப் பின்னர் சொன்னார். இதில் எனக்குப் பட்டது சாதனையல்ல. எப்போது ஓடுவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானித்தவர் அவரே. அளவை அறிவது மருத்துவத்தின் பாதி. அதைப் பழகவிடாமல் பூட்டினால், படிப்பு வரும், அளவு வராது.

இன்னொன்று. 1953இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ்களை ஆராய்ந்து, நாள் முழுக்க இருந்து ஓட்டும் சாரதியைவிட மேல்தட்டுப் படிகளில் ஏறி இறங்கும் கொண்டக்டருக்கு இருதய நோய் குறைவு என்று எழுதினார். தெற்காசியர்களாகிய எங்களுக்கோ இந்த நாட்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவரிலும் இரண்டு முதல் நான்கு மடங்கு. ஈலிங் றோட்டில் நிற்கும் எங்கள் ஆட்களுக்கு 'நடவுங்கோ' என்று சொல்லப்போகிறவளை ஓடாதே என்று சொன்னேன் நான்.

எங்கள் மருத்துவர் கனவில் கார் உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு. சைக்கிள் இல்லை. ஆனால் யாழ்ப்பாண மருத்துவபீடத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, லிவர்பூலில் ஆராய்ச்சி முடித்து, இங்கே தங்கிவிடாமல் திரும்பிப் போனவர். 1989 செப்ரெம்பர் 21 அன்று பீடத்திலிருந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் சுடப்பட்டார். வயது 35. என்னைப்போன்ற தகப்பனின் கணக்குப் புத்தகத்தில் அவர் திரும்பிப் போனது வெறும் நட்டம். அவரது துணிவையும் ஒரு பிள்ளையின் பொழுதுபோக்கையும் நான் ஒன்றாக்கவில்லை. ஆனால் டொக்டர் என்ற பட்டத்துக்கு ஆசைப்பட்ட நாங்கள், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் மனதையும் எங்கள் பிள்ளைகளில் வளர்க்க விரும்பினோமா? பூட்டுக்குள் அந்த மனம் வளராது.

அன்றிரவு நான் மகளுக்குப் பதில் சொல்லவில்லை. திறப்பை மட்டும் மேசையில் வைத்தேன். அவள் உடனே எடுக்கவில்லை. பல மாதங்கள் அந்தச் சைக்கிள் கொட்டிலிலேயே நின்றது. பறித்த ஆசையைத் திருப்பிக் கொடுப்பது, பறிப்பதுபோல் ஒரு நாளில் ஆகிற காரியமல்ல.

இப்போது அவள் மருத்துவர். நைற் டியூட்டி முடிந்த காலையில் சைக்கிளைத் தொடமாட்டாள். "நித்திரைக் கண்ணோட ஓடினா நானும் ஒரு நோயாளிதான்" என்பாள். யாரும் சொல்லிக் கொடுக்காத சட்டம் அது. மழை நாளில் ஹாங்கர் லேன் லொறிகளை நினைத்து நான் இன்னமும் முழித்திருப்பேன். அந்தப் பயம் என்னுடையது. அதையும் அவள் கணக்கில் எழுதக்கூடாது என்று இப்போதுதான் பழகுகிறேன்.