மறைத்தலும் நிறுத்தலும்

சென்ற தை மாதம் பச்சைமலைக்குச் சென்றிருந்தோம். துறையூரைத் தாண்டி, சோபனபுரத்திலிருந்து வளைந்து வளைந்து ஏறும் சாலையில் டாப் செங்காட்டுப்பட்டியை நெருங்கும்போது காற்றே மாறிவிடுகிறது. மரவள்ளியும் முந்திரியும் பலாவும் விளையும் அம்மலையில் வாழ்வோர் மலையாளிகள் எனப்படும் பழங்குடியினர். (கேரளத்தோடு இப்பெயரைத் தொடர்புபடுத்த வேண்டா. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களிடையே வழங்கும் வழிவழிச் செய்தி. காஞ்சி என்றதும் திருப்பருத்திக்குன்றத்தை நினைக்கும் நமக்கு அதைக் கேட்க இனிமையாகவே இருந்தது.)

அங்கே ஒரு சிற்றூரில், பள்ளித் திண்ணையில் பத்துப் பதினைந்து ஆடவர் அமர்ந்திருந்தனர். சற்றுத் தள்ளி அவர்தம் மனைவியர். நடுவே தொண்டு நிறுவனம் ஒன்றைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர். குடியிலிருந்து மீள முயல்வோர் மாதந்தோறும் கூடும் கூட்டம் என்றார்கள். ஓரமாக நிற்கலாமா என்று கேட்டு, அவர்கள் இசைந்த பின்னரே நின்றோம். நடுத்தர வயதுடைய ஒருவர் எழுந்து, "சந்தைக்குப் போன அன்னிக்குத் தவறிட்டேன். நாப்பது நாள் இருந்தேன், அன்னிக்குப் போச்சு" என்றார். எவரும் சிரிக்கவில்லை, எவரும் கடிந்துகொள்ளவும் இல்லை. "சந்தையில் யாரைப் பார்த்தீங்க? கையில் எவ்வளவு பணம் இருந்தது? சாப்பிட்டிருந்தீங்களா?" என்று அந்தப் பெண் ஒவ்வொன்றாகக் கேட்டார். அடுத்த சந்தையில் மரவள்ளி விற்ற பணத்தை மனைவியே வாங்கி வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. அவ்வளவுதான்.

அம்மலையில் சாராய ஊறல் போடுவதும் காவலர் வந்து அழிப்பதும் பழைய கதை. ஆனால் 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்த பிறகு, அதை யாரும் வேடிக்கைக் கதையாகச் சொல்வதில்லை.

திண்ணையில் நின்றிருந்த நமக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீடு நினைவுக்கு வந்தது. நம்மவர் வீடுதான். ஒரு தலைமுறைக்கு முன் வந்தவாசிப் பக்கத்திலிருந்து வேலை நிமித்தமாகத் திருச்சிக்கு வந்த குடும்பம். விளக்கு வைக்கும் முன் உண்டு முடிப்பவர்கள், தேனையும் தொடாதவர்கள். மகனுக்கு வயது 31. (அவர் இசைவைப் பெற்றே, அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றி எழுதுகிறோம்.) ஆறாண்டுகளாக அவர் குடித்து வந்ததை அண்டை வீட்டாரும் அறியார், உடன்பிறந்த அக்காளும் அறியார். அலுவலகத்துக்கு 'மஞ்சள் காமாலை' என்று விடுப்புக் கடிதம் போயிற்று. பிறகு மஞ்சள் காமாலை மெய்யாகவே வந்தது. கடன்களைத் தாயார் தம் வளையல்களை அடகு வைத்து அடைத்தார். ஏனம்மா இப்படி மறைத்தீர்கள் என்று பின்னாளில் நாம் கேட்டபோது அவர் சொன்ன விடை நம்மைத் திகைக்க வைத்தது. "பிறர் குற்றத்தை மறைக்கணும்னுதானே உபகூஹனத்தில் சொல்லியிருக்கு? பெத்த பிள்ளை குற்றத்தை மறைக்கக் கூடாதா?"

இக்கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. நற்காட்சியின் எட்டு அங்கங்களில் உபகூஹனம் உண்மையாகவே ஒன்று. பழியை நீக்கல் என்று தமிழில் சொல்வோம். ஆனால் அதற்கு அடுத்த அங்கமே ஸ்திதிகரணம், அதாவது அழிந்தோரை நிறுத்தல். இவ்விரண்டும் அருகருகே நிற்பது தற்செயல் அன்று என்பது நம் கருத்து.

ரத்னகரண்டக சிராவகாசாரத்தில் சமந்தபத்திரர் உபகூஹனத்துக்கு எடுத்துக்காட்டாகப் பெயர் சொல்வது ஜினேந்திரபக்தர் என்னும் வணிகரை. துறவு வேடம் பூண்ட திருடன் ஒருவன் அவர் வீட்டுச் சைத்தியாலயத்து மணியைக் களவாடி ஓடும்போது காவலரிடம் அகப்படுகிறான். "நான் சொல்லித்தான் அவர் கொண்டுவந்தார்" என்று கூறி வணிகர் அவனைக் காப்பாற்றுகிறார். இதுவரை கதையை நாம் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறோம். பின்பாதியை மறந்துவிடுகிறோம். ஊர் கலைந்தபின் அவர் அவனைத் தனியே அழைத்து, செய்ததை முகத்துக்கு நேரே எடுத்துரைத்து, வீட்டை விட்டு அனுப்பினார். ஊருக்கு மறைத்தவர் அவனுக்கு மறைக்கவில்லை, தமக்கும் மறைத்துக்கொள்ளவில்லை. ஸ்ரீரங்கத்து வீட்டில் நடந்ததோ வேறு. அங்கே தாய் மகனிடமும் அதைப் பேசியதில்லை. இரவு பதினொரு மணிக்குக் கதவைத் திறந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் படுத்துக்கொள்வார்.

ஸ்திதிகரணத்துக்கு எடுத்துக்காட்டு வாரிஷேண முனிவர். நண்பர் புஷ்படாலர் அவருக்காகத் துறவு பூண்டும், பன்னிரண்டாண்டு மனைவியையே எண்ணிக் கொண்டிருந்தார். வாரிஷேணர் கடிந்துகொள்ளவில்லை. தம் அரண்மனைக்கே அழைத்துச் சென்று, தாம் துறந்த செல்வத்தையும் மனைவியரையும் வரவழைத்துக் காட்டி, "வேண்டுமானால் ஏற்றுக்கொள்" என்றார். நண்பர் தம் நெஞ்சைத் தாமே பார்த்தார், நிலைபெற்றார். பன்னிரண்டாண்டு உடன் இருந்தவருக்கே அவ்வாறு சொல்லும் உரிமை கிடைத்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்று மனநல ஆலோசனை என்றும், நம் தமிழில் அழகாக ஆற்றுப்படுத்துதல் என்றும் சொல்லப்படுவது இதற்கு மிக அண்மையில் உள்ளது. 1983இல் வில்லியம் மில்லர் என்னும் உளவியலாளர், குடிப்பவரோடு வாதிடுந்தோறும் அவர் குடிக்கு ஆதரவாகவே வாதிடத் தொடங்குகிறார் என்பதைக் கண்டு, வாதத்தை விடுத்து, விடவேண்டிய காரணத்தை அவர் வாயாலேயே வரவழைக்கும் முறை ஒன்றை வகுத்தார். நம் நாட்டில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், மருந்தோடு ஆலோசனையையும், நோயாளியோடு குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டது. பின்னர் இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற சிற்றூர்களுக்கே சென்று முகாம் நடத்தியது. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டம் முதன்முதலில் 1997இல் தொடங்கியது நம் திருச்சியில்தான். காவிரிக் கரையில் இருந்துகொண்டே இதை அறியாதிருந்தோம்.

நம் பெரியவர்களிடம் ஓர் ஐயம் உண்டு. குடியை நோய் என்று சொல்லிவிட்டால் வினைக்குப் பொறுப்பு எங்கே போகும்? நியாயமான ஐயம். ஆனால் நம் ஆகமமே இதற்கு வழி காட்டுகிறது. எண்வினைகளில் மோகனீயத்துக்கு முன்னோர் கூறிய உவமை எது? கள். அம்மோகனீயத்தையும் இரண்டாகப் பிரித்தார்கள்: காட்சியை மயக்குவது ஒன்று, ஒழுக்கத்தைத் தடுப்பது மற்றொன்று. குடிப்பது தவறென்றே அறியாதவனுக்கு அறிவுரை பயன்படலாம். தவறென்று தெளிவாக அறிந்தும் விட முடியாதவனுக்கு அதையே மீண்டும் சொல்வதால் என்ன பயன்? நற்காட்சி இருந்தும் விரதம் கைகூடாத ஒரு நிலையை நான்காம் குணஸ்தானம் என்று வைத்து, அவனையும் ஏணியில் ஏற்றியிருக்கிறார்கள். நாமோ அவனை ஏணிக்குக் கீழே தள்ளிவிட்டு உபதேசம் செய்கிறோம். பொறுப்பு அவனுடையதே, அப்பொறுப்பைத் தாங்கும் வலுவை அவன் பெறும்வரை உடன் நிற்பது நம்முடையது.

அந்த இளைஞருக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். விஷயம் தாளாமல் போனபோது பெற்றோர் அவரைச் சொந்த ஊர் ஜினாலயத்துக்கு அழைத்துச் சென்று, இனி வாழ்நாள் முழுதும் தொடுவதில்லை என்று விரதம் எடுக்க வைத்தனர். நாமும் உடனிருந்தோம், மகிழ்ந்தோம். மறுநாள் கை நடுங்கிற்று. இரண்டாம் நாள் வலிப்பு. மூன்றாம் நாள் சுவரெல்லாம் எறும்பு ஊர்கிறது என்று அலறினார். நாட்பட்ட குடியைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதும், முதல் சில நாட்கள் மருத்துவர் மேற்பார்வை இன்றியமையாதது என்பதும் அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. உயிர் பிழைத்தார். ஒரு மாதத்தில் மீண்டும் குடித்தார். இப்போது குடித்த குற்றத்தோடு விரதம் முறித்த குற்றமும் சேர்ந்து அழுத்த, முன்னிலும் மிகுதியாகக் குடித்தார். அவருக்கு அந்தச் சுமையை ஏற்றியதில் நமக்கும் பங்குண்டு.

பிறகுதான் ஆலோசகரிடம் சென்றார். முதல் இரண்டு முறை அவர் ஒன்றுமே பேசவில்லையாம். மூன்றாம் முறை, "இங்கே சொல்வது அம்மாவுக்குப் போகுமா?" என்று மட்டும் கேட்டாராம். போகாது என்ற உறுதி கிடைத்தபின்னரே வாய் திறந்தார். பகவதி ஆராதனையில், பிறர் குற்றத்தைக் கேட்கும் ஆசாரியருக்குரிய குணங்களுள் இரண்டு உண்டு. உள்ளே புதைந்த குற்றத்தை வெளிக்கொணர வல்லவராதல் ஒன்று. கேட்டதைக் கசிய விடாத அபரிஸ்ராவியாதல் மற்றொன்று. பழுக்கக் காய்ச்சிய இரும்பு குடித்த நீர்போல என்று உவமை சொல்வார்கள். உபகூஹனம் இருக்க வேண்டிய இடம் அந்த அறைதான் என்று நமக்குத் தோன்றியது. உதவக் கூடியவரிடமிருந்தே மறைப்பதற்கு அப்பெயர் பொருந்தாது.

விரதத்தைப் பற்றியும் ஒரு சொல். வாழ்நாள் முழுமைக்கும் கொள்வது யமம், கால எல்லை வைத்துக் கொள்வது நியமம் என்று சமந்தபத்திரர் பிரித்துள்ளார். 1935இல் அமெரிக்காவில் குடிநோயாளிகள் தாமே கூடி அமைத்த சங்கத்தார் 'இன்று ஒருநாள்' என்று எண்ணுவதும் இதுவே. அந்த இளைஞர் இப்போது சதுர்த்தசிக்குச் சதுர்த்தசி நியமம் எடுக்கிறார். பதினான்கு மாதங்களில் ஒருமுறை தவறினார். ஆலோசகரிடமும் சொன்னார், நம்மிடமும் சொன்னார்.

சென்ற ஆவணியில் அவருக்கு வரன் வந்தது. கலியாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், பெண் வீட்டாருக்கு ஒன்றும் சொல்ல வேண்டா என்றார் தாயார். நம்மிடம் கேட்டார்கள். பல இரவு யோசித்தோம். ஊராரிடம் மறைக்கலாம், தன் வாழ்வையே ஒப்படைக்க வரும் பெண்ணிடம் மறைத்தால் அது பழியை நீக்கல் ஆகாது, அவளிடமிருந்து எடுத்துக்கொள்வதாகும் என்று சொன்னோம். அவரே சென்று பெண்ணின் தந்தையிடம் எல்லாவற்றையும் கூறினார். வரன் தட்டிப்போயிற்று. பெண் வீட்டார் அதை வெளியே பேசவில்லை, அவர்களை மதிக்கிறோம்.

தாயார் அன்றிலிருந்து நம் வீட்டுக்கு வருவதில்லை. கோயில் விழாவில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நாம் சொன்னது சரிதானா என்று இன்னும் சில இரவுகளில் நினைத்துப் பார்ப்பதுண்டு. மகன் மட்டும் வருகிறார். வருகிற சதுர்த்தசியோடு இந்த நியமம் முடிகிறது. "அடுத்ததை உங்க வீட்டுப் பூஜையறையிலேயே எடுத்துக்கறேன் மாமா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.