உகந்து கொடுப்பதும் உரிமைப்பட்டதும்

நாஞ்சில் நாட்டில் மருமக்கள்வழி இருந்த காலத்தில் ‘உகந்துடமை’ என்றொரு சொல் வழங்கியது. காரணவர் இறந்தால் சொத்து அவருடைய சகோதரியின் மக்களுக்குப் போகும். அவரோடு வாழ்ந்து உழைத்த மனைவிக்கு அதில் இடமில்லை. அவள் பெற்ற பிள்ளைகளுக்கு ஒரு சிறு பங்கு கிடைக்கலாம். அந்தப் பங்கின் பெயர்தான் உகந்துடமை. மனமுவந்து கொடுக்கும் உடைமை. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை இந்த முறையை எள்ளி எழுதிய ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மான்மியம்’ ஒரு காரணவரின் ஐந்தாவது மனைவி பேசுவதாக அமைந்தது. 1926இல் சட்டம் வந்து அந்த முறை முடிவுக்கு வந்தது. அது எழுப்பிய கேள்வி மட்டும் முடியவில்லை. கைகால் ஓய்ந்த பிறகு ஒருத்திக்குக் கிடைப்பது பிறர் உவந்து கொடுப்பதா, அவளுக்கு உரிமைப்பட்டதா? அரசின் ஓய்வூதியக் கடன் பற்றி இன்று நடக்கும் வாதங்களுக்கெல்லாம் அடியில் இந்தக் கேள்விதான் கிடக்கிறது.

அரசு ஊழியர்களைப் பொறுத்தவரை இதற்கு 1982 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. நகாரா வழக்கில், ஓய்வூதியம் அரசின் கருணையோ கொடையோ அல்ல, செய்த பணிக்காகச் சேர்ந்த உரிமை என்றது. அதாவது வேலை செய்த நாளில் கொடுக்காமல் நிறுத்திவைத்த கூலி. கூலி பாக்கி என்றால் அது கடன். கடனைக் கொடுப்பவர் கருணை காட்டுவதாகச் சொல்ல முடியாது.

இருபதாண்டுகளில் பேச்சு மாறியது. 2003 ஏப்ரல் 1க்குப் பிறகு தமிழக அரசுப் பணியில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். சம்பளத்தில் 10 சதவீதம் ஊழியரிடம் பிடித்து, அதே அளவு அரசும் போட வேண்டும். அந்த ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் ஒரே வீச்சில் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்ய தார்மிக உரிமையும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் ஆகஸ்டில் சொன்னது. பின்னர் பெரும்பாலோர் திரும்ப எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், ஓய்வூதியம் திரும்பவில்லை. 2003க்குப் பிறகு வேலைக்கு வந்தவள் என்பதால் நானும் இந்தக் கணக்கில் ஒருத்தி. கடைசிச் சம்பளத்தில் பாதியை மாதாமாதம் உறுதிசெய்யும் திட்டத்தை அரசு 2026 ஜனவரியில்தான் அறிவித்தது.

இதில் பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்றைப் போராட்ட மேடைகளில் அதிகம் பேசுவதில்லை. பங்களிப்புத் திட்டத்தில் ஓய்வுபெற்றவர் கைக்கு வந்தது மொத்தத் தொகை. மாதாமாதம் வருவது வேறு, மொத்தமாக வருவது வேறு. மொத்தமாக வரும் பணத்துக்கு வீட்டில் பத்து பேர் காத்திருப்பார்கள். மகளுக்குக் கொடுக்க வேண்டிய ஸ்ரீதனம், மகன் வெளிநாடு போக ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டிய பணம், பாதியில் நிற்கும் வீடு. ஆறு மாதத்தில் தீர்ந்துவிடும். அவள் ‘கொடுத்தவள்’ என்ற பெயரோடு மட்டும் மிஞ்சுவாள். மாதம் ஒன்றாம் தேதி வரும் பணம் அப்படிக் கரையாது. தொகை சிறியதாக இருந்தாலும் அதை நம்பி அவள் மருந்து வாங்கலாம், கோயிலுக்கோ சர்ச்சுக்கோ போகலாம், பேரப்பிள்ளைக்குக் கையில் ஏதாவது வைக்கலாம். மருமகளிடம் கேட்டு வாங்காத தேநீருக்கு ஒரு தனி ருசி உண்டு.

அரசுப் பணி என்ற வட்டத்துக்கு வெளியே போனால் நிலம் இன்னும் சரிகிறது. அங்கன்வாடி, சத்துணவு ஊழியர்களுக்குக் கிடைப்பது ‘சிறப்பு’ ஓய்வூதியம். இந்த இடத்தில் சிறப்பு என்றால் குறைவு என்று பொருள். அதற்கும் கீழே ஊரார் ஓ.ஏ.பி. என்று சொல்லும் முதியோர் உதவித்தொகை. 1962இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023இல் 1,200 ஆனது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய்.

பெண்களுக்கான உதவித்தொகைகளின் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பாருங்கள். ஆதரவற்ற விதவை. கணவனால் கைவிடப்பட்டவர். ஐம்பது வயதாகியும் மணமாகாத ஏழைப் பெண். மூன்றிலும் அவள் ஓர் ஆண் இல்லாததால் அறியப்படுகிறாள். அண்டியாபீசில் முந்திரிக்கொட்டை உடைத்து விரல் கறுத்தவள் என்றோ, கயிறு திரித்தவள், நாற்று நட்டவள், தலையில் மீன் சுமந்து ஊர் ஊராக விற்றவள் என்றோ இந்த விண்ணப்பங்கள் அவளைக் கேட்பதில்லை. தொழிலாளர் நலவாரியங்கள் உண்டு. அவற்றில் பதிவு செய்து புதுப்பித்து வந்தவர்களுக்கு வழி உண்டு. வீட்டில் செய்த வேலைக்குப் பதிவேடு ஏது? உழைத்தேன் என்று சொல்லி வாங்க வேண்டியதை, எனக்கு யாருமில்லை என்று சொல்லி வாங்குகிறாள். விதவை உதவித்தொகை பெறுபவள் மறுமணம் செய்தால் தொகை நின்றுவிடும். அவளுடைய வைதவ்யத்தையே ஒரு வேலையாக வைத்து, அதற்குக் கூலி கொடுப்பது போலத்தான் இது இருக்கிறது.

2023 செப்டம்பரில் வந்த மாதம் 1,000 ரூபாய்க்கு ‘மகளிர் உரிமைத் தொகை’ என்று பெயரிட்டார்கள். ஊதியமில்லாத வீட்டு உழைப்புக்கான அங்கீகாரம் என்றார்கள். பெயர் வைத்ததே ஒரு பெரிய காரியம் என்று நினைக்கிறேன். ஆனால் முதலில் தேடப்பட்டது ‘தகுதிவாய்ந்த’ குடும்பத் தலைவிகளை. தகுதி வருமானத்தால் அளக்கப்பட்டது. முதியோர் உதவித்தொகை வாங்குபவளுக்கு இது இல்லை என்றும் விதி இருந்தது. உழைப்புக்கான அங்கீகாரம் என்றால் அது ஏன் வறுமையைக் கேட்கிறது? பெயரில் உரிமை இருக்கிறது, விதியில் உகந்துடமை இருக்கிறது.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்ற கேள்வியை ஒதுக்க முடியாது. 2021 ஆகஸ்டில் வெளிவந்த வெள்ளை அறிக்கை, தமிழகத்தில் ஒவ்வொரு குடும்பத்தின் மீதும் 2,63,976 ரூபாய் அரசுக் கடன் இருப்பதாகக் கணக்கிட்டது. மாநிலங்கள் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்பினால் சுமை புதிய திட்டத்தைப் போல 4.5 மடங்கு வரை போகலாம் என்று 2023இல் ரிசர்வ் வங்கி ஆய்வு ஒன்று சொன்னது. இந்தக் கணக்குகளைப் பொய் என்று நான் தள்ளமாட்டேன். நம் பேத்திகள் தலையில் கடனை ஏற்றலாமா என்பது நேர்மையான கேள்வி.

ஆனால் கணக்கை முழுதாக எழுத வேண்டும். ஓய்வூதியம் இல்லாத கிழவியும் சாப்பிட வேண்டும், மருந்து குடிக்க வேண்டும், விழுந்தால் தூக்கிவிட ஆள் வேண்டும். அந்தச் செலவு எங்கும் போய்விடவில்லை. கருவூலத்தின் ஏட்டிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வருகிறது. நர்ஸ் வேலையை விட்டு வரும் மகளாகவோ, தையல் மெஷினை மூடிவைக்கும் மருமகளாகவோ அங்கே அது உட்கார்ந்துகொள்கிறது. அவளுக்கு அன்று சம்பளம் இல்லை. முப்பது வருடம் கழித்து ஓய்வூதியமும் இல்லை. அப்போது அவளைப் பார்க்க இன்னொருத்தி வேலையை விட வேண்டும். பேத்திகளைக் காப்பதாகச் சொல்லி நாம் அவர்கள் தலையில் ஏற்றுவது இந்தக் கடனைத்தான். வட்டி உண்டு, பத்திரம் மட்டும் இல்லை.

அதனால் அரசுப் பணியில் இருக்கும் நாம் ஓய்வூதியத்துக்காகக் கொடி பிடிக்கும்போது நம் கோரிக்கை நம்மோடு நிற்கக் கூடாது. நிறுத்திவைத்த கூலி என்ற வாதம் எனக்குப் பொருந்தும் என்றால், என் வகுப்பறையைக் கூட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், நான் வேலைக்குப் போக என் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட அக்காவுக்கும் பொருந்தும். எல்லோருக்கும் ஒரே தொகை கொடுக்க முடியாமல் போகலாம். அது பட்ஜெட்டின் பிரச்சினை. மாதாமாதம், அவள் பெயரில், அவள் செய்த வேலையின் பேரில், கணவன் இருக்கிறானா என்று கேட்காமல் கொடுப்பதா என்பது நீதியின் பிரச்சினை. கொடுக்க முடியாத கடனைக்கூடக் கடன் என்று ஏட்டில் எழுதலாம். பாக்கி என்று முதலில் ஒப்புக்கொண்டால்தான் எப்போது தருவாய் என்று கேட்க முடியும். தானம் கொடுப்பவரிடம் அப்படி யாரும் கேட்க முடியாது.