காணாமையும் இன்மையும்

காணப்படாமை ஒன்றே ஏதுவாக ஒரு பொருளை இல்லையெனத் துணியலாமோ என்பது அளவை நூலார் நெடிது ஆராய்ந்ததொரு வினா. நிலத்திற் குடமில்லை என்று ஒருவன் கூறுங்கால், ஆண்டு விளக்கொளி உண்மையும், தன் கண்ணிற் பழுதின்மையும், குடம் இருந்திருப்பின் காணப்பட்டேயிருக்கும் என்பதும் முன்னரே பெறப்படல் வேண்டும். இருட்டறையிற் புகுந்து குடமில்லை என்பான் கூற்று அவன் காணாமையை அறிவிக்குமன்றி இன்மையைச் சாதியாது. மேனாட்டு வானநூல் வரலாறொன்று இதனை நன்கு விளக்குதலின், அதனை ஈண்டு எடுத்துக்கொண்டாம்.

18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வில்லியம் எர்செல் என்பார், விருச்சிகத்தின்பால் விண்மீன்கள் செறிந்த வானிடையே மீனே தோன்றாத கரிய இடமொன்று கண்டு, அதனை வானத்தின்கண் அமைந்ததொரு துளை எனக் கருதினார். அவர் கண் பழுதுடையதன்று, தொலைநோக்கியும் பெரிது. இடையே மறைப்பு இல்லையென்பதை மட்டும் அவர் நிறுவாது வைத்துக்கொண்டார். 1919இல் பர்னார்டு என்பார் இத்தகைய கரிய இடங்கள் 182ஐ அட்டவணைப்படுத்திய பின்னரும், வெறுவெளியோ மறைப்போ என்னும் ஐயம் முற்றும் நீங்கிற்றில்லை. 1930இல் திரம்பிளர் என்பார், மீன்கூட்டங்களின் தொலைவை ஒளியால் அளந்ததும் பருமையால் அளந்ததும் தம்முள் ஒவ்வாமை காட்டி, இடைவெளியில் ஒளியைக் குறைக்கும் நுண்டுகள் உண்டென நாட்டினார். புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். இத்துகள்முகிலோ பின்னுள்ள மீன்களை மறைத்ததன்றித் தன்னையுங் காட்டாது வெளிபோல் நின்றது. மயக்கம் இதனாற் பிறந்தது.

இனி, அம்மறைப்பை அளந்தவாறு கூறுவாம். துகள்கள் நீலவொளியை மிகவும், செவ்வொளியைக் குறைவாகவும் தடுக்கும். செந்நிறத்துக்கும் அப்பாற்பட்ட அகச்சிவப்புக் கதிரோ, கட்புலவொளி படுந் தடையிற் பத்திலொரு பங்களவே பட்டு ஊடுருவி வரும். அக்கதிரை 1800இல் வெப்பமானிகொண்டு கண்டறிந்தவரும் எர்செல்லே! 2001இல் ஆல்வெசு, லாடா முதலியோர், சிலி நாட்டிலுள்ள தொலைநோக்கிகளால் பர்னார்டு 68 என்னும் முகிலின் பின்னுள்ள ஏறத்தாழ 3,700 மீன்களை நோக்கினர். அவற்றுள் 1,000 வரையின அகச்சிவப்பில் மட்டுமே புலப்பட்டன. ஒவ்வொரு மீனும் எத்துணைச் சிவந்ததோ அத்துணைத் துகள் அந்நெறியில் உளதென அனுமித்து, விளிம்பு முதல் நடுவுகாறும் அம்முகிலின் படத்தை வரைந்தனர்.

அம்மீன் இயல்பிலேயே செந்நிறத்ததாயின் அனுமானம் வழுவாதோ எனின், வழுவாது. அகச்சிவப்பில் மீன்களின் இயல்நிறம் பெரிதும் வேறுபடாது. அருகே முகிலில்லா வானத்து மீன்களோடு ஒப்பிட்டே சிவப்பின் மிகுதி கொள்ளப்பட்டது. இவையெல்லாம் நம் முன்னோர் அறிந்தனவே என்று சொல்லி மகிழ்வாரும் உளர். முன்னோர் நமக்குத் தந்தது அளவை; இம்முகிலின் அளவை அவர் தந்திலர்.

பர்னார்டு 68இன் நடுவையும் மீனொளி கடந்தது. அதனினும் செறிந்த முகில்கள் சிலவற்றின் உட்புறத்தை அகச்சிவப்புக் கதிரும் கடப்பதில்லை. ஆண்டு ஒரு மீனும் தோன்றாமை கண்டு துளை என்பார் இன்று இலர். இத்துணைக்குக் குறையாத துகள் உளது என்ற மட்டில் எழுதி நிறுத்துகின்றனர்.